துளை சின்னது, ஆபரேஷன் சின்னதில்லை

1/
"தழும்பு இல்லை. வலி இல்லை. காலையில் ஆபரேஷன், மறுநாள் வீடு."

நம்ம பக்கம் எந்த ரோட்டில் போனாலும் இந்த மாதிரி ஒரு போர்டைப் பார்க்காமல் வர முடியாது. லேப்ராஸ்கோப்பி பற்றி ஜனங்க தெரிஞ்சு வச்சிருக்கிறதுல பாதி இந்த போர்டுகளில் இருந்து வந்தது. அந்தப் பாதியால் ஆளுக்கு ஆள் அவதிப்படறாங்க. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதலிலேயே ஒன்றைச் சொல்லிடறேன். நான் லேப்ராஸ்கோப்பிக்கு எதிரி கிடையாது. சர்ஜனும் கிடையாது. திருக்கோகர்ணத்தில் உட்கார்ந்து காய்ச்சல், சுகர், பிரஷர் பார்க்கிற டாக்டர். "இதுக்கு ஆபரேஷன் தேவை" என்று சொல்லி திருச்சிக்கோ, தஞ்சாவூருக்கோ, இங்கேயே மெடிக்கல் காலேஜுக்கோ அனுப்புவது நான். முடிந்து வந்து "டாக்டர், இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்வதும் நான்தான். அந்தக் கேள்விகளில் முக்கால்வாசி, ஆபரேஷனுக்கு முன்னாடியே யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டியவை.

3/
குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்குது. ஊரில் இதுக்கு "லேசர் ஆபரேஷன்" என்று பேர். லேசர் வேற, லேப்ராஸ்கோப்பி வேற. இங்கே எந்த ஒளிக்கதிரும் எதையும் கரைக்கிறதில்லை.

வயிற்றில் மூன்று நான்கு துளை. ஒவ்வொன்றும் சுமார் அரை சென்டிமீட்டரில் இருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை. ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளமான கத்தரியும் இடுக்கியும். திரையைப் பார்த்தபடி வெட்டுவதும் கட்டுவதும் மனுஷன் கைதான். ரோபோ ஆபரேஷன் என்றாலும் ரோபோ தானாக எதுவும் செய்யாது. அதை ஓட்டுறது ஒரு சர்ஜன்.

4/
உள்ளே வேலை பார்க்க இடம் வேணுமே? அதுக்காக கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி, வயிற்றுச் சுவரைப் பந்தல் மாதிரி தூக்கி நிறுத்துவாங்க. இதுக்கு பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கணும். மூச்சுக்குழாயில் டியூப் இருக்கும், மெஷின் மூச்சு கொடுக்கும்.

"சின்ன ஓட்டைதானே சார், மரத்துப் போற ஊசி போதாதா?" என்று கேட்கிறாங்க. பெரும்பாலும் போதாது. ஆகவே சுகர், ஆஸ்துமா, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க சாப்பிடுற மாத்திரை, எதையும் மயக்க டாக்டரிடம் மறைக்காதீங்க. எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

5/
பித்தப்பைக் கல்லையே எடுத்துக்குவோம். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, "கல்லை மட்டும் எடுத்தாங்களா, பையையும் எடுத்துட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டவங்க நிறைய பேர்.

பித்தப்பையை முழுசாவே எடுத்துடுவாங்க. அதுதான் சரியான சிகிச்சை. பையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி கல் வர வாய்ப்பு அதிகம். பை இல்லாமலும் ஈரல் பித்தநீரைச் சுரந்து நேராகக் குடலுக்கு அனுப்பும். நல்லாவே வாழலாம்.

ஆனால் தன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பு போனது தெரியாமலேயே ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்கார் என்றால், அங்கே யார் வேலையைச் செய்யலை?

6/
சரி, லாபம் இல்லையா? நிறைய இருக்கு. வலி குறைவு. புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு. பின்னாடி தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்குவதும் குறைவு. பழைய முறையில் பித்தப்பையை எடுத்தால் ஆஸ்பத்திரியில் பல நாள், வீட்டில் நாலு முதல் ஆறு வாரம். இதில் பெரும்பாலானவங்க ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போயிடறாங்க, ஒரு வாரம் பத்து நாளில் லேசான வேலைக்குத் திரும்பிடறாங்க.

தினக்கூலிக்குப் போற ஆளுக்கு இந்த ஒரு மாச வித்தியாசம் வீட்டு அரிசிக் கணக்கு. அதனால்தான் தகுந்த ஆளுக்கு நானே இதைச் சிபாரிசு பண்றேன்.

7/
இது பணக்காரங்க வைத்தியம் என்ற எண்ணமும் தப்பு. 1985ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தபோது அவர் நாட்டு சர்ஜன்களே அவரை ஏற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து பிரான்சில் பிலிப் மூரே செய்த பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது.

இந்தியாவில் முதலில் செய்தவர் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா. வருஷம் 1990. இடம், மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரி. அது அரசு ஆஸ்பத்திரி.

8/
தமிழ்நாட்டில் கோவையில் டாக்டர் சி. பழனிவேலு தொண்ணூறுகளிலேயே இந்தத் துறையை வளர்த்தெடுத்து, ஏராளமான சர்ஜன்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். டாக்டர் ஜே. ஞானராஜ் இன்னொரு திசையில் போனார். வாயுவே இல்லாமல், வயிற்றுச் சுவரை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்து, முதுகில் போடும் ஊசியோடு ஆபரேஷன் செய்யும் முறையை, பெரிய வசதி இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்.

வேலைக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டிய ஏழைக்குத்தான் இது அதிகம் உதவும் என்று நினைத்த டாக்டர்கள் நம்ம நாட்டிலேயே இருந்திருக்காங்க. அப்படிப்பட்ட ஒரு விஷயத்தை "வலியே இல்லை" என்று கூவிக் கூவி விற்கிறதுதான் என் கோபம்.

9/
"சின்ன ஓட்டை, சின்ன ஆபரேஷன்" என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா? 2014 நவம்பர், சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர். லேப்ராஸ்கோப்பி மூலம் குடும்பக் கட்டுப்பாடு முகாம். பயன்பாட்டில் இல்லாத ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே சர்ஜன். அடுத்தடுத்த நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்து போனாங்க.

கொடுத்த மருந்தா, தொற்றா என்று பெரிய விவாதம் நடந்தது. எதுவாக இருந்தாலும், ஒரு ஆபரேஷனுக்கு உரிய மரியாதையை அந்தப் பெண்களுக்கு யாரும் கொடுக்கலை. 2016ல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறையையே மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

10/
அடுத்தது, ரொம்ப முக்கியமானது. லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்து, நடுவில் ஓப்பன் ஆபரேஷனாக மாற்றுவது. இதை நம்ம ஜனங்க "ஃபெயிலியர்" என்கிறாங்க. தியேட்டர் வாசலில் சண்டை. "மூணு ஓட்டைன்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க? இப்ப வயித்தைக் கிழிச்சு வச்சிருக்கீங்க?"

அண்ணே, அக்கா, கொஞ்சம் உட்காருங்க. சொல்றேன்.

11/
பித்தப்பையை எடுக்கும்போது அதோட குழாயையும் ரத்தக்குழாயையும் மட்டும் கிளிப் போட்டு வெட்டணும். அதுக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஈரலில் இருந்து வரும் பொதுப் பித்தக்குழாய் போகுது. பலமுறை வீங்கி, ஒட்டிப் போன பித்தப்பையில் எது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. தெளிவா தெரியாமல் எதையும் வெட்டக்கூடாது. சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்.

தப்பான குழாயை வெட்டினால் மஞ்சள் காமாலை, வயிற்றுக்குள் பித்தநீர் கசிவு, மறு ஆபரேஷன், வருஷக்கணக்கில் அவஸ்தை. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் காயம் ஏற்படலாம் என்று வழக்கமாகச் சொல்லுவாங்க. ஓப்பன் முறையில் இது அதைவிடக் குறைவு.

12/
அப்படியிருக்க, "தெளிவா தெரியலை, திறந்து பார்த்துடுவோம்" என்று முடிவெடுக்கிற சர்ஜன் உங்க உயிரைக் காப்பாத்துறார். நீங்க கும்பிட வேண்டிய ஆளோடு வாசலில் நின்று சண்டை போடறீங்க.

உங்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. "தழும்பு இல்லை" என்று போர்டு வைத்தது யார்? திறக்க நேரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது யார்? பொய்யா ஒரு நம்பிக்கையை வித்துட்டு, அது உடைஞ்சதும் கூட்டம் கூடுதுன்னு புலம்பினா எப்படி? அந்தக் கூட்டத்துக்குப் பயந்து ஒரு சர்ஜன் திறக்கத் தயங்கினால், அதற்கான விலையைக் கொடுக்கப்போறது நோயாளிதான்.

13/
கையெழுத்து பற்றி. 1995ல் டெல்லியில் ஒரு பெண், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்கத்தில் இருக்கார். அவர் கையெழுத்து போட்டது பரிசோதனைக்கு. மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சமீரா கோலி வழக்கு என்று பேர். 2008ல் தீர்ப்பு: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் ஒழிய, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருத்தருக்குப் பதிலாக அம்மா சொன்னாலும் செல்லாது.

14/
ஆக அந்த ஃபாரம் வெறும் சடங்கு கிடையாது. "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று நர்ஸ் விரல் வைக்கிற இடத்தில் எல்லாம் கையெழுத்து போடாதீங்க. தமிழில் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எதை எடுக்கப் போறாங்க, எதை எடுக்க மாட்டாங்க, ஓப்பனாக மாற்ற நேர்ந்தால் சம்மதமா என்பது அதில் இருக்கணும். போடுறது நோயாளியோட கையெழுத்தா இருக்கணும். வீட்டுக்காரர் கையெழுத்தோ மகன் கையெழுத்தோ அதுக்கு ஈடாகாது. ஆத்தாவுக்குக் கைநாட்டுதான் என்றாலும், விளக்கம் ஆத்தாவுக்குத்தான் சொல்லணும்.

15/
அடுத்த கோபம்: தேவையே இல்லாத ஆபரேஷன். மாஸ்டர் செக்கப் ஸ்கேனில் தற்செயலா பித்தப்பைக் கல் தெரியுது. வலி இல்லை, காமாலை இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை. "லேப்ல ஈஸியா எடுத்துடலாம்" என்கிறாங்க.

தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவையில்லை. சில விதிவிலக்கு உண்டு: ரொம்பப் பெரிய கல், பித்தப்பைச் சுவரில் சந்தேகமான மாற்றம், சில ரத்த நோய்கள் மாதிரி. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்க. எடுக்கிறது சுலபம் என்பது எடுக்க ஒரு காரணம் ஆகாது. அமெரிக்காவிலேயே லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு பித்தப்பை ஆபரேஷன் எண்ணிக்கை கூடியது. கல் கூடியதாலா? கத்தி சுலபமானதால்.

16/
கர்ப்பப்பைக் கட்டிக்கும் இதே பாட்டுத்தான். தொந்தரவு தராத சின்னக் கட்டிக்குக் கர்ப்பப்பையையே எடுக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் தேதி குறிக்காதீங்க. இரண்டாவது கருத்து கேட்கிறது முதல் டாக்டரை அவமானப்படுத்துறது ஆகாது. கோபப்படுற டாக்டரா? அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

17/
"புதுசு என்றாலே பழசைவிட நல்லது" என்பவர்களுக்கு ஒரு ஆய்வு. 2018ல் வந்தது. ஆரம்பநிலை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனையும், லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ மூலம் செய்ததையும் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள்: திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம், சின்னத் துளையில் 86 சதவீதம்.

சின்னத் துளைதான் தோற்றது. அந்த ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க வழிகாட்டுதல்களையே மாற்றினாங்க.

18/
இதை நான் புதுக்கோட்டையில் இருந்து எழுதுறேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெண்கள், "எனக்குத் தழும்பு வேண்டாம்" என்பதைவிட "எனக்கு எதில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்?" என்று கேட்கணும். குடல் புற்றுநோய் போன்ற சிலவற்றில் லேப்ராஸ்கோப்பி ஓப்பனுக்குச் சமமான பலன் தருது. வேறு சிலவற்றில் தரவில்லை. நோய்க்கு நோய் பதில் மாறும். எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்ற போர்டை நம்பாதீங்க.

19/
இப்போ, ஆபரேஷன் முடிஞ்சா என்ன எதிர்பார்க்கலாம்? போர்டில் இல்லாதது.

வலி இருக்கும். ஓப்பனைவிடக் குறைவு, ஆனால் இருக்கும். தோள்பட்டையிலும் வலிக்கலாம். வயிற்றைத் தொட்டதற்குத் தோள் ஏன் வலிக்குது என்று பயந்து ஓடி வர்றாங்க. உள்ளே ஏற்றின வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த இடத்து நரம்பும் தோள்பட்டை உணர்வும் ஒரே வழியில் போகுது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகும். ஆனால் நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் அதை வாயு என்று விட்டுடாதீங்க.

20/
குமட்டல், தொண்டை எரிச்சல், தொப்புள் பக்கம் கன்றிப்போன நிறம்: வரும், போகும். அன்றைக்கே எழுந்து நடங்க, காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். சர்ஜன் சாப்பிடச் சொன்னதும் சாதாரண சாப்பாடு, ஆரம்பத்தில் எண்ணெய் கம்மியா. மாசக்கணக்கில் கஞ்சியும் ரசமுமாகப் பத்தியம் இருக்கத் தேவையில்லை. பித்தப்பை எடுத்த சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகலாம்.

வெளியே புண் ஆறிட்டுது என்பதால் உள்ளே எல்லாம் ஆறிட்டதாக அர்த்தமில்லை. தண்ணிக் குடம், சிமெண்ட் மூட்டை, நெல் மூட்டை எல்லாம் சர்ஜன் சொல்ற தேதிக்குப் பிறகுதான்.

21/
ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க. லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நல்லா இருக்கணும்.

வலி கூடிக்கிட்டே போனால், காய்ச்சல், விடாத வாந்தி, வயிறு உப்பி இறுகினால், கண் மஞ்சளானால், சிறுநீர் வராவிட்டால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடு ராத்திரி என்றால் 108. "சின்ன ஆபரேஷன்தானே, காலையில் பார்த்துக்கலாம்" என்று காத்திருந்து வருகிற கேஸ்கள்தான் எங்களைத் தூங்க விடாதவை.

22/
இன்னொன்று, யாரும் சொல்லாதது. எல்லாம் ஆறி மூன்று நாலு வாரம் கழிச்சு, துளை போட்ட இடத்தில் ஒரு கட்டி, கொஞ்சம் சீழ். வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தக்காரக் கிருமி ஒன்று இதுக்குக் காரணமாக இருக்கலாம். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காமல், சாதாரண தண்ணீரில் அலசினால் வரும். இந்தியாவில் சர்ஜன்களுக்கு நல்லாவே தெரிந்த பிரச்சினை. மாசக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டி வரும்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை மாத்தி மாத்தி வாங்காதீங்க. சர்ஜனிடம் போங்க, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க.

23/
கேட்க வேண்டிய ஏழு கேள்வி. போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

ஒன்று: எனக்கு இந்த ஆபரேஷன் அவசியமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்?
இரண்டு: எதை எடுக்கப் போறீங்க?
மூன்று: என் நோய்க்கு ஓப்பன் நல்லதா, லேப் நல்லதா? ஏன்?
நாலு: ஓப்பனாக மாற்ற வாய்ப்பு எவ்வளவு? மாற்றினால் செலவு எவ்வளவு கூடும்?
ஐந்து: யார் செய்யப் போறது? அவர் இதை வழக்கமாகச் செய்கிறவரா?
ஆறு: மயக்க டாக்டர் என்னை முன்கூட்டியே பார்ப்பாரா?
ஏழு: ராத்திரி பிரச்சினை வந்தால் எந்த நம்பருக்குப் பேசணும்?

24/
பணம். நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா என்று பாருங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. எல்லா ஆபரேஷனும் எல்லா ஆஸ்பத்திரியிலும் அதில் வராது. உங்க ஆபரேஷன், நீங்க போகும் ஆஸ்பத்திரி, இரண்டும் பட்டியலில் இருக்கா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்க.

புதுக்கோட்டைக்கு 2017ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. "லேப் என்றால் திருச்சி பிரைவேட்தான்" என்று முடிவு கட்டுவதற்கு முன்னாடி அங்கே சர்ஜரி ஓ.பி.யில் ஒரு தடவை போய்க் கேளுங்க. கேட்கிறதுக்குச் செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான்.

25/
சக டாக்டர்களுக்கு. "இப்படி எழுதினால் ஜனங்க பயந்து நாட்டு வைத்தியத்துக்குப் போயிடுவாங்க" என்று சொல்லப் போறீங்க. என் அனுபவம் நேர்மாறா இருக்கு. தோள் வலி வரும் என்று முன்னாடியே சொன்ன நோயாளி, வலி வந்தபோது "டாக்டர் சொன்ன மாதிரியே இருக்கு" என்று அமைதியா இருக்கார். சொல்லாமல் விட்ட நோயாளிதான் பயந்து, அடுத்த தடவை யாரையும் நம்ப மாட்டேங்கிறார்.

"நேரம் இல்லை" என்பீங்க. போர்டுக்கு டிசைன் பண்ண நேரம் இருந்ததே. நோயாளி பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது என்று நம்ம 2002 நடத்தை விதிகளே சொல்லுது. அதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறதே வெட்கம்.

26/
மற்றவங்களுக்கு: லேப்ராஸ்கோப்பி நல்ல முறை. சரியான நோய்க்கு, சரியான கையில், சரியான கவனிப்போடு செய்தால் உங்க ஒரு மாச வேலை மிச்சம். தேவைப்பட்டால் தயங்காமல் பண்ணிக்குங்க. ஆனால் ஆபரேஷன் என்றே நினைத்துப் போங்க. கேள்வி கேட்டுட்டுப் போங்க. முடிந்த பிறகு சர்ஜன் குறித்துக் கொடுத்த தேதிக்கு, நல்லா இருந்தாலும் ஒரு தடவை போய்க் காட்டுங்க.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமா வைங்க. பத்து வருஷம் கழிச்சு வயிறு வலின்னு வந்தா, உள்ளே எது இருக்கு எது இல்லைன்னு அந்தச் சீட்டுதான் எங்களுக்குச் சொல்லும்.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, 21ஐயும் 23ஐயும் மட்டுமாவது அவங்களுக்கு அனுப்புங்க.